முற்றத்தில் நிற்கும் காரையும் பூட்டுங்கள்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 வீதியைக் கடக்கும் சாரதிகள் குறைவு. யாழ்ப்பாணம் போனாலென்ன, கொழும்பு போனாலென்ன, வண்டியை ஓரங்கட்டி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டுதான் பயணம் தொடரும். கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனிலிருந்து வரும் வீதிகளில் ஒன்றும் இங்கேதான் ஏ9இல் ஏறுகிறது. ஆகவே அக்கராயன்காரர் வவுனியாவுக்குப் புறப்பட்டால் முதல் தரிப்பு பிள்ளையாரடிதான்.

இப்படியான தரிப்பிடங்களில் எல்லாம் நடக்கும் கூத்து ஒன்று உண்டு. இரண்டு நிமிட வேலைதானே என்று எஞ்சினை நிறுத்தாமல், உள்ளே ஏசி ஓட, திறப்பை அப்படியே விட்டுவிட்டுச் சாரதி இறங்குவார். பின்னால் இருந்தவர்களும் இறங்கிக் கதவைச் சாத்துவார்கள். கும்பிட்டுத் திரும்பினால் நான்கு கதவும் பூட்டு. "சென்ரர் லொக் விழுந்திட்டுது அண்ணை" என்றதும் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் கம்பி தேடுவார். இன்னொருவர் ஷட்டர் றப்பருக்குள் அடிமட்டத்தை விட்டுத் துழாவுவார். வீட்டில் இருக்கும் இரண்டாவது திறப்பை மோட்டார் சைக்கிளில் கொண்டுவரச் சொல்லி வேறொருவர் அழைப்பு எடுப்பார். எப்படியோ கதவு திறந்துவிடும். அதன் பிறகு அந்தக் கதை கலியாண வீட்டுப் பந்திகளில் பல வருடம் ஓடும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்க் கதவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது இந்தத் தொல்லைதான். சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. அது நடக்கும் இடம் வீதியோரமல்ல, வீட்டு முற்றம்.

மூன்று ஊர்கள்

2022 ஜூன் 4ஆம் திகதி. தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிக்கு அருகே லெப்பைக்குடியிருப்பு என்ற ஊர். வீட்டருகே நிறுத்தியிருந்த காருக்குள் மூன்று குழந்தைகள் விளையாட ஏறினார்கள். மூத்ததுக்கு ஏழு வயது, இளையதுக்கு நான்கு. கதவை உள்ளிருந்து திறக்க அவர்களால் முடியவில்லை. தேடிக் கண்டுபிடித்தபோது மூவரும் உயிரோடு இல்லை.

2024 நவம்பர் 2ஆம் திகதி, குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் ரண்டியா என்ற கிராமம். தாயும் தகப்பனும் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டடியில் நின்ற காருக்குள் ஏறிய அவர்களுடைய நான்கு பிள்ளைகளும் இறந்தார்கள். 2025 மே 18ஆம் திகதி, ஆந்திராவின் விஜயநகரம் பக்கத்தில் துவாரபூடி. மறுபடியும் விளையாடப் போன நான்கு பிள்ளைகள், மறுபடியும் நிறுத்தியிருந்த ஒரு கார்.

மூன்று செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று உறுத்தும். எதுவும் பெருநகரத்துக் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் நடக்கவில்லை. எந்தப் பிள்ளையையும் யாரும் காருக்குள் மறந்துவிட்டுப் போகவில்லை. மூன்றும் கிராமம், மூன்றிலும் கார் வீடுகளுக்கு அருகில் நின்றது, மூன்றிலும் பிள்ளைகள் தாங்களாகவே ஏறினார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1998 முதல் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வாகனத்துக்குள் வெப்பத்தால் இறந்திருக்கிறார்கள். சராசரியாக வருடத்துக்கு 37 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெற்றவராலோ பராமரிப்பவராலோ பின் இருக்கையில் மறந்துவிடப்பட்டவர்கள். தானாக ஏறி அகப்பட்ட பிள்ளைகள் நான்கில் ஒரு பங்கு அளவில்தான். அதனால் அங்கே எச்சரிக்கை எல்லாம் "இறங்கும்போது பின் இருக்கையைப் பாருங்கள்" என்பதாக இருக்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்து நம் ஊரில் ஒட்டினால் பாதிப் பயன்தான். நம் ஊர்க்காரர் பிள்ளையை மறப்பதில்லை. காரைப் பூட்டத்தான் மறக்கிறோம். மறக்கிறோம் என்பதைவிட, தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம்.

அக்கராயனில் ஒரு வளவை நினைத்துப் பாருங்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணி. வேலி, படலை, நாய். மாமரத்தின் கீழே கார். "உதை ஆர் எடுக்கப் போயினம், சும்மா நிக்கட்டும்" என்பதுதான் பதில். கிளிநொச்சி நகரத்தில் வங்கிக்கு முன்னால் நிறுத்தும்போது இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டுகிற அதே மனிதர், வீட்டு முற்றத்தில் ஷட்டரைக் கூட ஏற்றாமல் விட்டுவிட்டுப் போவார். கள்வனுக்குத்தான் பூட்டு என்பது நம் கணக்கு. கள்வன் வராத இடத்தில் பூட்டு எதற்கு?

செய்திகளில் "கார் தானாகப் பூட்டிக்கொண்டது" என்று வரும்போது பழி முழுவதும் பூட்டின் மேல் விழுகிறது. அந்தப் பூட்டு விழுவதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது: கார் திறந்து கிடந்தது, அல்லது திறப்பு பிள்ளையின் கைக்கு எட்டியது. பூட்டியிருந்த காருக்குள் எந்தப் பிள்ளையும் ஏற முடியாது. பிள்ளையைக் கொல்லும் அதே பூட்டுத்தான் பிள்ளையைக் காக்கவும் செய்யும். பூட்டுவது பிள்ளை ஏற முன்னமா, ஏறின பிறகா என்பதுதான் வித்தியாசம்.

அக்கராயனின் பருவக் கணக்கும் இதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. மாரி மழையை நம்பிய காலபோகம் முடிந்து, குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் மாதங்கள்தான் வன்னியில் வெயில் கொளுத்தும் மாதங்கள். பெரியவர்கள் வயலில் நிற்பார்கள். சித்திரையிலும் ஆவணியிலும் பள்ளிக்கூட விடுமுறை. ஆவணி என்றால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கும் காலமும். முற்றத்தில் வழக்கமாக நிற்காத வாடகை வான் ஒன்றும், வழக்கமாக இல்லாத பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து நிற்பார்கள். ஒளித்துப் பிடித்து விளையாட அதைவிட நல்ல இடம் ஒரு பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

காற்று இருக்கும், வெப்பம் முந்தும்

இப்படிப்பட்ட மரணங்களை "மூச்சுத் திணறல்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் ஒரு தவறான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது: ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் காற்று வரும், பயமில்லை என்று. கார் என்பது காற்றுப் புகாத பெட்டியல்ல. காற்றுத் தீர்ந்துபோக நெடுநேரம் எடுக்கும். வெயிலில் நிற்கும் காரில் அதற்கு வெகு முன்னரே வெப்பம் வேலையை முடித்துவிடும்.

2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான "பீடியாட்ரிக்ஸ்" வெளியிட்ட ஆய்வில், வெளியே 22 பாகை மட்டுமே இருந்த நாளிலும் மூடிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் 47 பாகை வரை ஏறியது. ஏறும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. 22 பாகை என்பது நமக்கு மார்கழி விடியற்காலை. வன்னியின் சித்திரை நடுப்பகல் எந்தக் கணக்கில் தொடங்கும் என்பதை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

"நிழலில்தானே நிக்குது" என்பது அடுத்த சமாதானம். அரிசோனாவில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதையும் அளந்தது. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்ற கார்களுக்குள் சராசரி 47 பாகை. நிழலில் நின்றவற்றுக்குள் 38. வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்ட் 69 பாகைக்குப் போனது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடல் ஆபத்தான சூட்டை எட்ட வெயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், நிழலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாமர நிழல் இன்னும் ஒரு மணித்தியாலம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதுகூடப் பொழுது சாய நிழல் நகராமல் இருந்தால். குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கயிறு கட்டிய கதவிலிருந்து

இந்தப் பூட்டுகள் நம்மிடம் வந்து சேர்ந்த விதம் விசித்திரமானது. மற்ற நாடுகளில் அது படிப்படியாக வந்தது. மின்சாரத்தில் இயங்கும் கதவுப் பூட்டை அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1956இல் கார்களில் பொருத்தியது. தூரத்திலிருந்து பொத்தானை அமத்தித் திறக்கும் வசதி 1982இல் பிரான்ஸின் ரெனோ ஃபுவேகோவோடு வந்தது. சட்டைப்பையில் திறப்பு இருந்தால் போதும், கைபிடியைத் தொட்டாலே திறக்கும் முறை தொண்ணூறுகளின் முடிவில் மெர்சிடிஸ் பென்ஸில் தொடங்கியது.

அதே தொண்ணூறுகளில் வன்னியில் கார் எப்படி ஓடியது என்பதை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். புகையும் நாற்றமும் சேர்ந்து வரும். சாத்த முடியாத கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடிய கார்களும் உண்டு. பூட்டு என்று ஒன்று இருந்தால் அது மேலே இழுத்தால் திறக்கும், அமத்தினால் பூட்டும் குமிழ். நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கருவி அது.

2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடியது. 2009இல், போரின் முடிவில், சனத்தோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால் பக்கம் போன வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் அங்கேயே குவியலாகக் கிடந்தன. மீள்குடியேறி வந்த அக்கராயனில் கார் என்பது ஒன்றிலிருந்துதான் மறுபடி தொடங்கியது. பிறகு லீசிங் வந்தது. யப்பானில் ஓடிய அக்குவா, விட்ஸ், அக்சியோ, வாகன் ஆர் எல்லாம் வன்னி வீதிகளுக்கு வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. கயிற்றுக் கதவிலிருந்து வானொலி அலையில் திறக்கும் கதவுக்கு ஒரே பாய்ச்சல். நடுவில் இருக்க வேண்டிய இருபது வருடப் பழக்கம் நமக்கு வாய்க்கவில்லை.

போதாக்குறைக்கு, காரோடு வந்த கையேடு யப்பானிய மொழியில். திரையில் எழுத்தும் அதே. ஸ்ராட் எடுத்ததும் ஒரு பெண் குரல் பணிவாக ஏதோ சொல்லும். யப்பானிய நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அந்தப் பிள்ளை சொல்கிறது. அக்கராயனிலும் வன்னேரிக்குளத்திலும் அட்டை கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சிரிப்புக்காகச் சொன்னாலும், தன் காரின் பூட்டு எப்போது தானாக விழும், எப்போது விழாது என்று வாசித்து அறிய உரிமையாளருக்கு வழி இல்லை என்பது உண்மை. வாங்கியவர் விற்றவரைக் கேட்பார்; விற்றவர் "எல்லாம் ஓட்டோமேட்டிக்" என்பார்.

எது எப்போது பூட்டும்

ஓட்டோமேட்டிக் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வேகம் பிடித்ததும் பூட்டுவது ஒன்று. கியரை ஓடு நிலைக்கு மாற்றியதும் பூட்டும் கார்களும் உண்டு. ஓடும்போது கதவு திறந்து ஆள் விழாமல் இருக்கவும், சந்தியில் யாரும் கதவைத் திறந்து பையைப் பறிக்காமல் இருக்கவும் வந்த ஏற்பாடு. "அடிபட்டால் ஆளை எடுக்க ஏலாதே" என்று இதற்குப் பயப்படுபவர்கள் உண்டு. தொழிற்சாலையில் பொருத்திய பூட்டு என்றால் எயார்பாக் வெடித்ததும் கதவுகளைத் தானே திறந்துவிடும்படி பெரும்பாலான கார்களில் அமைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு பிடிக்காவிட்டால் பல ரொயோட்டாக்களில் அதை நிறுத்திவைக்கவும் முடியும். மாதிரிக்கு மாதிரி முறை மாறும் என்பதால் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.

இன்னொன்று, ரிமோட்டில் திறந்த பிறகு எந்தக் கதவையும் இழுக்காமல் விட்டால் அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ தானே மறுபடி பூட்டுவது. சாரத்து மடிப்பிலோ கைப்பையிலோ பொத்தான் தவறி அமுங்கினால் கார் இரவு முழுக்கத் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காக. இது நமக்கு நல்லது. இதை நிறுத்த வேண்டாம்.

தொல்லை அதிகம் தருவது மூன்றாவது வகை: கடையில் வாங்கிப் பூட்டிய அலாரமும் சென்ரர் லொக்கும். இந்திய ஓல்டோ போன்ற மலிவு மாதிரிகளிலும் பழைய வான்களிலும் ரிமோட் வசதி இல்லாததால் கராஜில் கொடுத்துப் பூட்டிக்கொள்கிறோம். இந்தக் கருவிகளில் பல, எஞ்சினை நிறுத்திக் கதவைச் சாத்திச் சற்று நேரத்தில் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சில, எஞ்சின் ஓடும்போதே பூட்டும். திறப்பு உள்ளே இருக்கிறதா, பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் அறிவு அவற்றுக்கு இல்லை. எயார்பாக்கோடும் அவற்றுக்குத் தொடர்பில்லை. விபத்தில் தாமாகத் திறக்கமாட்டா. முறிகண்டிக் கூத்துக்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். பொருத்தும்போதே "தானாகப் பூட்டுறதை நிப்பாட்டி விடு தம்பி" என்று ஒரு சொல் சொன்னால், பல கருவிகளில் அதைச் செய்ய இடம் இருக்கிறது. அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்த பெடியள் இப்போது நம் பக்கமே இருக்கிறார்கள். வயரை ஒட்டுவதற்கு மட்டுமல்ல, இப்படிக் கேள்வி கேட்பதற்கும் அவர்களைத் தேடிப் போகலாம்.

உள்ளே இருக்கும் பிள்ளை ஏன் திறக்க முடியாமல் போகிறது? பின் கதவுகளில் சைல்ட் லொக் போட்டிருப்போம். ஓடும்போது பிள்ளை கதவைத் திறக்காமல் இருக்க நல்ல மனதோடு போட்டது அது. நிற்கும் காரில் அதுவே பிள்ளையைத் தடுக்கிறது. சாரதிப் பக்கத்துக் கதவில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது, முழங்கை பட்டால் போதும், நான்கு கதவும் பூட்டும். பூட்டியபின் பல கார்களில் முன் கதவின் உள் கைபிடியை ஒரு தரமோ இரண்டு தரமோ இழுத்தால் திறந்துவிடும். பின் கதவுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. பயந்த பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்து இழுக்கும், முன்னால் ஏறிப் போக யோசிக்காது. கறுப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் வெளியே நிற்பவருக்கும் தெரியாது.

ஆகவே பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டியது இரண்டு. முன்னால் ஏறி வா, இந்தக் கைபிடியை இழு என்பது ஒன்று. ஹோர்னை அடி என்பது மற்றது. பெரும்பாலான யப்பானியக் கார்களில் திறப்பு இல்லாமலே ஹோர்ன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்குமா என்று இன்றைக்கே அமத்திப் பாருங்கள். பிள்ளையைச் சாரதி இருக்கையில் ஏற்றி, அதன் கையாலேயே அடிக்கவிட்டுப் பாருங்கள். பக்கத்து வளவுக்காரர் திட்டினால் திட்டட்டும்.

திறப்பு எங்கே தொங்குகிறது

காரைப் பூட்டுவது பாதி வேலை. மீதி, திறப்பை எங்கே வைக்கிறோம் என்பது. விறாந்தைச் சுவரில் ஆணியடித்து, சுவரோடு ஒட்டிக் காரையும் நிறுத்தினால் பூட்டியும் பயனில்லாமல் போகலாம். தொட்டுத் திறக்கும் காரில் கைபிடியிலிருந்து ஏறத்தாழ முக்கால் மீற்றர் தூரத்துக்குள் திறப்பு இருந்தால், யார் தொட்டாலும் கதவு திறக்கும். தொடுவது வீட்டுக்காரர் கையா குழந்தையின் கையா என்று அதற்குத் தெரியாது. திறப்பு வீட்டின் உட்பக்கத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். பிள்ளை அழுதால் ரிமோட்டைக் கையில் கொடுத்து விளையாட்டுக் காட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதைப்போல மோசமான விளையாட்டுச் சாமான் வேறில்லை.

பிள்ளையைக் காணவில்லை என்றால் நம் ஊரில் முதலில் ஓடுவது கிணற்றடிக்கு. அடுத்தது குளத்துப் பக்கம். சரியான பயம்தான், வன்னியில் தண்ணீர் பறித்த பிள்ளைகள் ஏராளம். அந்த ஓட்டத்தின் தொடக்கத்திலேயே, முற்றத்தில் நிற்கும் காரின் உள்ளேயும் டிக்கியிலும் ஒரு பார்வை விழ வேண்டும். டிக்கியைச் சும்மா சொல்லவில்லை. 1998 கோடையில் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் நடந்த மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தார்கள். அதன் பின்னர் இருட்டில் ஒளிரும் கைபிடி ஒன்றை டிக்கிக்குள் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2001 செப்டெம்பர் முதல் அங்கே விற்கும் கார்களுக்கு அது கட்டாயம். யப்பானில் ஓடி இங்கே வந்த அக்சியோவின் டிக்கிக்குள் அதை எதிர்பார்க்க முடியாது. அக்குவா, வாகன் ஆர் போன்றவற்றில் பின் இருக்கையைத் தாண்டி ஏறி வரவாவது வழி உண்டு.

உள்ளே பிள்ளை மயங்கிக் கிடந்து, திறப்பும் கையில் இல்லை என்றால் கம்பி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முன் கண்ணாடியில் அடிப்பது வீண். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் ஒட்டியது, வெடிக்குமே தவிர விழாது. பிள்ளைக்குத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில், அலவாங்கின் கூர் முனையால் ஒரு குத்து. நடுவில் குத்துவதைவிட மூலையில் இலகுவாக உடையும். உடைந்தால் சீனிக் கல்லாகச் சிதறும், பெரிய வெட்டுக்காயம் வராது. கண்ணாடியின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிள்ளையை நிழலுக்கு எடுத்து, உடுப்பைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து விசிற வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். அக்கராயன் வைத்தியசாலை பக்கத்தில் என்றால் நேரே அங்கே. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் வழியெல்லாம் நிறுத்தக் கூடாது.

பிள்ளை இல்லாத வெறும் பூட்டு விவகாரத்துக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. ரிமோட் வேலை செய்யாவிட்டால் பலர் கார் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் செத்திருப்பது ரிமோட்டுக்குள் இருக்கும் காசு வடிவப் பற்றரிதான். ஸ்மார்ட் திறப்பின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானைத் தள்ளினால் உள்ளிருந்து ஒரு உலோகத் திறப்பு வரும். சாரதிக் கதவின் கைபிடியருகே துவாரம் இருக்கும். சில கார்களில் அதை ஒரு மூடி மறைத்திருக்கும். திறந்து உட்கார்ந்ததும் திறப்பை ஸ்ராட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமத்தினால் எஞ்சின் எடுக்கும். காரின் 12 வோல்ட் பற்றரியே செத்துவிட்டால்தான் சிக்கல். பிரியஸின் பல மாதிரிகளில் அந்தப் பற்றரி இருப்பது பின்னால், டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். அதற்காகவே பொனற்றுக்குள், பியூஸ் பெட்டியில், வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு முனை வைத்திருக்கிறார்கள். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், நாட்கணக்காக ஓடாமல் நின்ற ஹைபிரிட் கார்க்காரர் பலர் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் குளக்கட்டு வீதிகளில் ஓடுபவர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி எப்படி நின்றது என்று கண்டவர்கள். கார் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் எயார்பாக் வெடித்தாலொழியக் கதவு தானாகத் திறக்கும் என்று நம்பக் கூடாது. பூட்டு விழாவிட்டாலும் தண்ணீரின் அழுத்தம் கதவைத் திறக்க விடாது. கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், கார்களை உண்மையாகவே தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்தவர். அவர் சொல்வது: முதல் ஒரு நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது. தொலைபேசி எடுக்க வேண்டாம், கதவைத் தள்ள வேண்டாம். சீற் பெல்ற்றைக் கழற்று, ஷட்டரை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, பிறகு நீ வா.

இனி வரும் கதவுகள்

2025இல் இறக்குமதி திறந்த பிறகு சீனத்து மின்சாரக் கார்கள் இலங்கைக்குள் வரிசையாக வருகின்றன. பீவைடி கொழும்பில் பழகிவிட்டது. ஏ9 வழியாக வடக்கே வர அதிக நாள் எடுக்காது. இந்தப் புதிய கார்களில் சிலவற்றில் வெளிக் கைபிடி கதவோடு கதவாக மறைந்து நிற்கும். உள்ளே இழுக்கும் கைபிடிக்குப் பதிலாகப் பொத்தான். மின்சாரம் இருக்கும்வரை வெகு அழகு. 2025 மார்ச்சில் சீனாவில் ஷாவோமி கார் ஒன்று மோதி எரிந்து மூன்று மாணவிகள் இறந்தபோது, கதவுகள் திறந்தனவா என்ற கேள்விதான் முன்னால் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், டெஸ்லா மாடல் வை கார்களில் மின்சாரக் கைபிடி வேலை செய்யாமல் பிள்ளைகள் உள்ளே அகப்பட்டதாக வந்த முறைப்பாடுகளை அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரிக்கத் தொடங்கியது. சில பெற்றோர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்திருந்தார்கள்.

இப்படியான கார்களில் மின்சாரம் போனால் கையால் இழுத்துத் திறக்க வேறொரு ஏற்பாடு இருக்க வேண்டும். முன் கதவில் அது பெரும்பாலும் கண்ணுக்குப் படும் இடத்தில் இருக்கும். பின் கதவில் கதவுப் பையின் அடியில், ஒரு மூடிக்குக் கீழே, கம்பி முனையாக ஒளிந்திருப்பதும் உண்டு. பின் கதவில் அறவே இல்லாத மாதிரியும் சந்தையில் வந்திருக்கிறது. காட்சியறையில் விற்பனையாளர் திரையின் அளவையும் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதையும் சொல்லி முடிக்கட்டும். பிறகு பிள்ளையைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு, "இப்ப கறன்ற் இல்லையெண்டு வையுங்கோ தம்பி, இவள் எப்பிடி இறங்குவாள்?" என்று கேளுங்கள். முற்பணம் கட்டுவது அவர் அதைச் செய்து காட்டின பிறகு.